எனிட் ஒளித்துவைத்த டப்பா

லயனல் ப்ராட்பென்ட் எடுத்த பதினொரு படங்களிலும் எனிட் கிளெக்தான் காட்சிக் குறிப்பு எழுதினாள். கோப்பை எந்தக் கையில், தொப்பி எந்தச் சாய்வில் என்று அவள் எழுதியதை லயனல் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் படத்தில் எழுதிவைத்த கதை கிடையாது, நடிகர்கள் கிடையாது, எதையும் இரண்டாம் முறை எடுப்பதும் கிடையாது.

"பொறந்ததுக்கு ரீடேக் கேட்டியா எனிட்?" என்பார்.

"உங்களப் பாத்தா கேட்டிருக்கலாம்னு தோணுது."

பன்னிரண்டாவது படத்தில் பணம் போட்டவர் கறாராகச் சொல்லிவிட்டார்: கடைசியில் கலகம் இருந்தே தீரவேண்டும், இல்லையென்றால் படம் பெட்டியிலேயே கிடக்கும். கிடந்தால் எனிட் பழையபடி கையுறைக் கடைக்குத்தான் போகவேண்டும். என்றாவது இரண்டாம் முறை எடுக்கச் சொன்னால் உதவும் என்று, யாருக்கும் தெரியாமல் ஒரு டப்பா பிலிமை அவள் ஒளித்துவைத்திருந்தாள்.

யார்க்‌ஷர் என்ற இங்கிலாந்துப் பகுதியில் ஓர் ஆலை ஊரில் படப்பிடிப்பு. ஊர்க்காரர்கள் இருநூறு பேர் முதலாளியின் வீட்டை உடைக்க வேண்டும். முதலாளியாக நின்றது கறிக்கடை வில்ஃப். யார் வரப்போகிறார்கள் என்றுகூட லயனல் அவனிடம் சொல்லவில்லை.

காமிரா ஓடியது. கோடரியும் கம்புமாகக் கூட்டம் கத்திக்கொண்டு பாய்ந்தது. வாசல் கதவோ ஒற்றை ஆள் நுழையும் அகலம். கூட்டம் நின்றது. பிறகு தன்னாலேயே ஒரு வரிசை உண்டாகி, தெருமுனைவரை நீண்டது.

"யோவ், பின்னால போய் நில்லு! நாங்க மட்டும் வேடிக்கை பாக்கவா வந்தோம்?"

"மன்னிச்சுக்கங்க, கவனிக்கல."

எனிட்டுக்குக் கையுறைக் கடை கண்முன்னால் வந்தது.

கதவு திறந்தது. வரிசையைப் பார்த்த வில்ஃபுக்கு இருபது வருஷக் கடைப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அடுத்தது யாரு?"

"நான்தான்," என்றாள் மிஸஸ் ஆக்டன், கோடரியைக் கக்கத்தில் இடுக்கியபடி. "கூலிய ஏத்தணும்."

"ஏத்தியாச்சும்மா. வேற ஏதாவது?"

"வேலை நேரத்தக் குறைக்கணும்."

"குறைச்சாச்சு. அடுத்தது?"

நான்கே நிமிஷத்தில் புரட்சி முடிந்தது. பிலிமும் தீர்ந்தது.

லயனலின் முகம் வெளுத்திருந்தது. "எனிட்... இன்னொரு தடவ எடுக்கலாமா?"

பதினொரு படமாக அவள் காத்திருந்த கேள்வி. வரிசையைப் பார்த்தாள். முடித்தவர்கள் வில்ஃபுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். டப்பா இருந்த பையின்மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"பிலிம் இல்ல லயனல்."

பணம் போட்டவர் படத்தைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பதின்மூன்றாவது படத்துக்கும் எனிட்தான் போனாள், அந்த டப்பாவோடு.