அக்காவின் லாகின்

எனக்குப் பொறுமை கிடையாது. நாற்பது பிள்ளைகளைச் சமாளித்துவிடுவேன். பெரியவர்கள் ஒரே விஷயத்தை மூன்றாம் முறை கேட்டால் சுள்ளென்று விழுவேன். அப்படிப்பட்ட என்னிடம்தான், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் கணக்கு டீச்சருக்கு ஸ்மார்ட் போர்டைப் பழக்கிவிடச் சொன்னார்கள்.

தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு தனியார் பள்ளியில் நாங்கள் டீச்சர்கள். அக்கா அங்கே பத்தொன்பது வருஷம். பம்மலிலிருந்து பஸ் மாறி வருவார். சாக்பீஸைப் பிடித்தால் காம்பஸ் இல்லாமலே வட்டம் போடுவார். அந்த வருஷம் வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். ஒவ்வொரு டீச்சரும் தன் பெயரில் லாகின் செய்து, வாரம் ஐந்து பாடமாவது அதில் நடத்த வேண்டும். யார் எப்போது திறந்தார்கள் என்பது தானாகவே ஆபீசுக்குப் போய்விடும். டேர்ம் முடிவில் குறைந்தவர்களுக்கு வேலை இல்லை. அக்காவின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். குடும்பம் அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது.

நாலு மணிக்கு மேல் எட்டாம் வகுப்பு அறையில் சொல்லிக் கொடுப்பேன். போர்டைத் தொடவே அவர் பயப்படுவார்.

"ஏதாவது ஆயிடுச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"ஐயோ அக்கா, அது ஒண்ணும் உங்களைக் கடிக்காது. தொடுங்க!"

தொடுவார். வேறு ஏதோ திறக்கும். வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார். எதற்கு அடுத்து எதைத் தொடுவது என்று ஒன்று, இரண்டு போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் அதைப் புரட்டிப் பார்ப்பதற்குள் திரை அணைந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான்காவது வாரமும் அவர் ரொம்பப் பின்தங்கியிருந்தார். அவருக்குப் பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தவளே நான்தான். பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே போய், அவர் லாகினில் ஒரு அல்ஜீப்ரா வீடியோவை ஓடவிட்டேன். காலி பெஞ்சுகளுக்கு அது பாடம் நடத்தியது. தினமும் அதையே செய்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. உதவி என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

ஆனால் அக்கா கற்றுக்கொண்டுவிட்டார். டேர்ம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது வராண்டாவில் போகையில் பார்த்தேன். போர்டில் ஒரு முக்கோணத்தை விரலால் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். "மிஸ், இன்னொரு தடவை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றோடு அந்த வீடியோ ஓட்டும் வேலையை நிறுத்திவிட்டேன்.

மறுவாரம் பிரின்சிபால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அக்காவிடம் ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினார்.

"இந்தத் தேதியில நீங்க லீவு. ஆனா உங்க லாகின்ல போர்டு ஓடியிருக்கு. எப்படி மேடம்?"

அன்று அக்கா ஊரப்பாக்கத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அவர் வரவில்லை என்பதைக்கூட யோசிக்காமல், பழக்கதோஷத்தில் ஓடவிட்டிருக்கிறேன். பாவி நான்.

அக்கா தாளைப் பார்த்தார். வரிசையாக லஞ்ச் நேரம். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும்?

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா மிஸ்?" என்று பிரின்சிபால் என்னைக் கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன். வாய் தவறி வந்தது என்று எழுதினால் பொய். யோசித்துத்தான் சொன்னேன். என் வேலை போய்விடும் என்று பயம்.

"என் தப்புதான் சார்" என்றார் அக்கா. அவ்வளவுதான். டேர்மோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள் ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப் வரை அவர் பின்னாலேயே போனேன்.

"அக்கா, என்னை நாலு அறை அறைஞ்சுடுங்க. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்று அழுதேன்.

"சொன்னா உனக்கும் போயிடும். விடும்மா."

பஸ் வந்தது. ஏறப் போனவர் திரும்பினார்.

"நீ பொய் சொன்னது கூடப் பரவாயில்ல. தினம் நாலு மணிக்கு உக்காந்து சொல்லிக் குடுத்தியே, இவளுக்கு வராதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் சொல்லிக் குடுத்தியா?"

ஆமாம், முடிவு பண்ணிவிட்டுத்தான் சொல்லிக் கொடுத்தேன். அதையும் நான் சொல்லவில்லை.