எறக்குங்க மாப்ளே

செய்தி காலையில் வந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர் போனில் பேசினார். "அண்ணே, மலையில மெட்டு வளைவுல உங்க மச்சான் வண்டி நிக்குது. ஓரமா ஒதுக்கி, கியர்லதான் போட்டிருக்காரு. ஆளுக்குத்தாண்ணே மூச்சில்ல." எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். எங்கள் குடும்பத்தில் அந்த வண்டியை அவரைத் தவிர ஓட்டியவன் நான் ஒருவன்தான்.

என் மனைவியின் அண்ணன் தங்கவேல் அவர்கள் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். ஊரே ஜீப்பில் மலையேற, அவர் மட்டும் யாரோ ஓட்டித் தேய்த்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்தார். "ரெண்டு மூட்டை ஏறுமாய்யா இதுல?" என்று கேலி செய்யாத வியாபாரி இல்லை. மீட்டர் சில லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஏற்றத்தில் மூன்றாவது கியர் நழுவும். இன்ஜின் அலறும், வண்டி நகராது. விற்றுத் தொலையுங்கள் என்று என் மனைவி மன்றாடினாள். அவரோ கியர்பெட்டி, கிளச்சு, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு என எல்லாவற்றையும் முன்னைவிட வலுவானதாக மாற்றினார்.

மாற்றியதும் சோதனை ஓட்டம். "ஓட்டுறவனுக்குப் பெட்டிச் சத்தம் கேக்காது. நீங்க ஓட்டுங்க மாப்ளே, நான் காது குடுக்கிறேன்" என்றார். ஏறும்போது வண்டி சொன்னபடி கேட்டது. இறங்கும்போது மூடுபனி. எங்கள் ஊர் சிலமலையின் சமதரையில் டிராக்டர் ஓட்டிப் பழகியவன் நான். பள்ளத்தைப் பார்த்ததும் கால் பிரேக்கைவிட்டு எழவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. அப்புறம் மிதித்தால் பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எதிரே வளைவு.

"எறக்குங்க மாப்ளே!"

கியரைத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது "எறங்குங்க". ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஒரு கையால் என் காலரைப் பிடித்து, "கிளச்ச மிதிங்க!" என்று கத்தி, மறு கையால் கியரை இரண்டாவதுக்கு இழுத்தார். வண்டி உறுமி, அடங்கி, தடுப்புச் சுவரை ஒட்டி நின்றது.

மச்சான் சிரித்தார், சிரிப்பும் நடுங்கியது. "எறங்குங்கன்னா சொன்னேன்? எனக்குந்தான் உசுரு போயிருச்சு. பயமா இருந்தா கியர எறக்கணும் மாப்ளே, நாம எறங்கிரக்கூடாது." அடுத்த நொடியே, "பெட்டி என்னமாப் புடிக்குது பாத்தீங்களா!" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

அதன்பின் நான் அந்தக் காரில் ஏறவில்லை. அவர் தனியாகத்தான் தோட்டத்துக்குப் போய்வந்தார். கடைசியிலும் நெஞ்சுவலிக்கு நடுவே கியரை எறக்கி, யார்மீதும் மோதாமல் ஓரங்கட்டியிருக்கிறார். அந்த வளைவில் எவ்வளவு பயந்திருப்பார், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல்!

சுடுகாட்டில் பாடையின் ஒரு முனை என் தோளில் இருந்தது. அவருடைய பங்காளி ஒருவர், "எறக்குங்க மாப்ளே" என்றார். இந்தமுறை காதில் சரியாகத்தான் விழுந்தது. தோள்தான் கேட்கவில்லை.

மச்சான், வண்டி இன்னும் அந்த வளைவிலேயே நிற்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. நாளை நான்தான் கீழே கொண்டுவர வேண்டும். காது கொடுக்கப் பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ரொம்பப் பயமாக இருக்கிறது. கியரை எறக்கிக்கொள்கிறேன். எறங்க மாட்டேன். நீங்கள் போய் வாருங்கள்.