மிட்நைட் ப்ளூ சொக்கலிங்கம்

வீட்டுக்கு யார் வந்தாலும் சொக்கலிங்கம் உட்காரச் சொல்ல மாட்டார். கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவரில் வைப்பார். "தடவிப் பாருங்க. ஏக்தம் வெல்வெட்டு!" தடவிவிட்டு "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் நாற்காலி, தண்ணீர் எல்லாம்.

தமிழில் பாதி இந்தி கலந்து பேசும் எங்கள் தீவில், அபர்டீன் பஜார் சந்தில், மூன்றாவது மாடியில், எனக்கு எதிர்வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய சமையலறை. ஹாலுக்கு மிட்நைட் ப்ளூ, படுக்கையறைக்குக் கத்தரிக்காய் நிறம், சமையலறைக்குப் பாட்டில் பச்சை. ஓய்வுபெறப்போகும் அரசாங்க ஹெட் கிளார்க்குக்கு இந்த ஞானம் போனில் ஏதோ வீடியோ பார்த்து வந்தது. "லாஜிக் சிம்பிள் டீச்சர். டார்க் அடிச்சா சுவரு கண்ணுக்குத் தெரியாது. சுவரே தெரியலேன்னா, மத்லப், வீடு பெருசுதானே?"

"சுவரு தெரியலதான்க்கா" என்று அவர் மனைவி செல்லம் என்னிடம் நெற்றியைக் காட்டினாள். முட்டிக்கொண்ட வீக்கம்.

பெயின்ட் அடித்த லூர்துநாதன் படித்துப் படித்துச் சொன்னார்: "அண்ணே, இந்த ஊரு மழைக்குச் சுவத்துல வெள்ளையா பூஞ்சை பூக்கும். டார்க் அடிச்சா பளிச்சுனு தெரியும்." மனிதர் கேட்டால்தானே! முதல் மழைக்கே ஹால் முழுக்கப் பூத்தது. கேட்டால், "அது டெக்ஸ்சர்" என்கிறார். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை கைலி நுனியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

அந்த வீட்டில் கொசு உட்கார்ந்தால் தெரியாது, கடித்தால்தான் தெரியும். பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியும். செல்லம் முறத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவாள். "அங்க கல்லு எது, அரிசி எதுன்னு தெரியலக்கா."

இதெல்லாம் சிரிப்பதற்குச் சரி. மகன் சுதாகர் விஷயம்தான் வயிற்றெரிச்சல். தீவுக்குத் தீவு போகும் கப்பலில் வேலை, தங்கமான பையன், வயது முப்பத்துநாலு. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் வடக்கே இன்னொரு தீவிலுள்ள ரங்கத்திலிருந்து ராக்கப்பன் என்ற விவசாயி தன் மகள் ஷோபனாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். போட்டோவை நம்ப மாட்டாளாம், பையனை நேரில் பார்த்துத்தான் பதில் சொல்வாளாம். விவரமான பெண்.

"ஹாலுக்கு மட்டுமாவது க்ரீம் கலர் அடிச்சிருங்க. பிள்ளை முகம் தெரிய வேணாமா?" என்று செல்லம் கெஞ்சினாள்.

"கலர் புரியாதவங்க சம்பந்தம் நமக்கு எதுக்கு? சோடோ, விட்டுத் தள்ளு!" என்றுவிட்டார். அது போதாதென்று, சுவருக்குப் பொருத்தமாக அதே நீலத்தில் பையனுக்குச் சட்டை வேறு வாங்கிக்கொடுத்தார்.

டிசம்பர் மாதம், ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊர். அவர்கள் வந்து சேர நாலரை ஆகிவிட்டது. துணைக்கு நானும் போயிருந்தேன். ராக்கப்பன் கை நேரே சுவருக்குப் போனது. பாவம், மனிதர் மிரண்டுபோய் "ஆமாங்க" என்றார். சுதாகர் வந்து சுவரோரம் உட்கார்ந்தான். கழுத்துக்குக் கீழே அவன் எது, சுவர் எது என்று எனக்கே பிடிபடவில்லை. பெண் மெல்ல நிமிர்ந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கும்மிருட்டு. யாரோ காபி டம்ளரைத் தட்டிவிட்டார்கள்.

"பொண்ணு இன்னும் சரியா பாக்கலீங்க" என்றது ராக்கப்பன் மனைவியின் குரல்.

"ஏங்க, போன்ல டார்ச்சை அடிங்க! பிள்ளை மேல அடிங்க!" என்று செல்லம் கத்தினாள்.

டார்ச் எரிந்தது. வெளிச்சம் சுதாகரின் காதைத் தொட்டு, அவனைத் தாண்டிப் போய்ச் சுவரில் நின்றது.

"இப்பப் பாருங்க சம்பந்தி! இந்த லைட்டுலதான் டெப்த் தெரியும்!"

டெப்த் எங்கே தெரிந்தது? சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூஞ்சைதான் தெரிந்தது. அடப்பாவி மனுஷா, அந்த போனைப் பிடுங்கி வீசலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்ங்க" என்றார் ராக்கப்பன். நாற்காலிகள் நகர்ந்தன. "இருங்க, இந்தா கரண்ட் வந்துரும்" என்று செல்லம் வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். சுதாகர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

சொக்கலிங்கம் திரும்பவே இல்லை. ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேட்டி நுனியை எடுத்து, எச்சில் தொட்டு, அந்த வெள்ளையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.