அறுபது நிமிஷக் கடல்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே குலசேகரன்பட்டினம் தாண்டி எங்கள் சின்ன ஊருக்கும் வந்து, கொல்லையில் நின்று கடலைப் பார்ப்பார்கள். என்ன காற்று, என்ன அமைதி, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். திருநெல்வேலிச் சித்தி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் குழந்தை மாதிரி நடப்பாள். நான் காபியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காற்றையும் கடலையும் நான் ஒருமுறை கேசட்டில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் சவூதியில் இருந்தான். கடிதம் எழுத அவனுக்கும் வராது, அம்மாவுக்கும் வராது. அறுபது நிமிஷக் கேசட்தான். அவன் பேசி அனுப்புவான். நாங்கள் கேட்டு முடித்துவிட்டு அதே கேசட்டில், அவன் பேச்சின் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவோம். கடையில் புதுக் கேசட் கிடைக்காமல் இல்லை. அம்மாதான் விடமாட்டாள். அவன் கை பட்டது, அதுவே போய் வரட்டும் என்பாள். ஒவ்வொரு தடவையும் பழைய பேச்சு அழிகிறதே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அம்மா பேசினால் ஒரு பக்கம் போதாது. பூனை பாலை உருட்டியது, பக்கத்து வீட்டில் சண்டை, கடல் இன்றைக்கு என்ன நிறம், எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று மூச்சு விடாமல் போகும். நடுவில் அப்பாவுக்கு இரண்டு நிமிஷம், எனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கும்.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்ததும், காலையில் வாளியோடு கொல்லைக்குப் போன அம்மா அங்கேயே சரிந்துவிட்டாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எட்டு நாள். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். காது நன்றாகக் கேட்டது, புத்தியும் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணனுக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா முடிவு செய்தார். அவன் கம்பெனி ஆபீஸ் போன் நம்பர் எங்கள் சுவர்க் காலண்டரில் எழுதியிருந்தது. சாவுச் செய்திக்கு மட்டும்தான் அதில் கூப்பிடலாம் என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தான். பாஸ்போர்ட் முதலாளியிடம். இரண்டு வருஷம் முடியாமல் வர முடியாது. "தெரிஞ்சு அவன் அங்கன என்ன செய்யப் போறான்? சோறு எறங்காது. அவ்வளவுதான்" என்றார் அப்பா. எனக்கும் சரியென்றே பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மேலப்பாளையத்து அண்ணாச்சி கேசட்டைக் கொண்டுவந்தார். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறவர். அம்மா எங்கே என்று கேட்டார். உள்ளறையில்தான் படுத்திருந்தாள். திருச்செந்தூர்க் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா வாய் கூசாமல் சொன்னார். அண்ணாச்சி காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒங்ககிட்ட மறைக்கப்படாது. தம்பி சரியில்ல. ரெண்டு மாசமா ஒழுங்கா சாப்புடல. ஒருநா மொட்டமாடிக் கட்டச் சுவர்ல ஏறி நின்னவன நாங்கதான் பைய எறக்கிக் கூட்டியாந்தோம். அம்மா பேசுன கேசட்டப் போட்டாத்தான் கண்ண மூடுதான். இப்ப அதுலயே பேசிக் குடுத்துட்டான், கையில ஒண்ணும் இல்ல. அம்மாவ நெறையப் பேசச் சொல்லுங்க."

வியாழன் சாயங்காலம் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம் என்றோம். அவர் போன பிறகு உள்ளே போனேன். அம்மாவின் இடது கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

கேசட்டைப் போட்டோம். அண்ணன் அழுதுகொண்டே பேசியிருந்தான். இங்கே மணல் இருக்கிறது, கடல் இல்லை என்றான். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்புமே ஒரு காற்று, அது வேண்டும் என்றான். பனை ஓலை சடசடக்கிறது வேண்டும். மீன்காரம்மா தெருமுனையில் கூப்பிடுகிறது வேண்டும். தசரா வருகிறதே, வேஷம் கட்டி மேளத்தோடு வீடு வீடாக வருவார்களே, அதெல்லாம் வேண்டும். "நீதாம்மா சொல்லணும். வேற யாரு சொன்னாலும் எனக்குக் கண்ணுக்குள்ள வராது" என்றான். அதோடு, இரண்டாம் பக்கம் தீருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பேச்சு நின்றது. டக்கென்று ஒரு சத்தம். நான் அணைக்கக் கையை நீட்டினேன்.

அப்போது அம்மா பேசினாள்.

"...வெயில்ல தலையக் காட்டாத மக்கா. துண்டக் கட்டிக்க. இங்கன கடலு ரெண்டு நாளா எண்ணெ ஊத்துனாப்ல கெடக்கு, நீ இருந்தா வீட்டுல தங்கவா செய்வ? இந்தா, ஒங்கப்பா கையக் காட்டுதாவ, டேப்பு முடியப் போவுதாம். நல்லாச் சாப்புடு, என்ன? வச்சிரட்டா?"

போன தடவை அம்மா பேசி அனுப்பியதன் வால். அண்ணன் கடைசி வரை பேசாமல் நிறுத்தியதால் அழியாமல் தப்பியிருந்தது. மூன்று நிமிஷம் இருக்கும். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கட்டிலில் அம்மா தன் குரலையே கேட்டுக்கொண்டு கிடந்தாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அந்த மூன்று நிமிஷத்தைத் தொடாமல் வைத்துக்கொள்வது, அதற்கு முன்னால் முழுக்க அவன் கேட்டதையெல்லாம் பதிவது என்று நானும் அப்பாவும் தீர்மானித்தோம். கேட்டுக்கொண்டே வருவான், கடைசியில் அம்மா வருவாள். பழைய பேச்சு என்று கண்டுபிடித்தாலும் கேட்பானல்லவா? திருச்செந்தூரில் இரண்டு கேசட் போடும் செட் வைத்த கடை இருந்தது. அங்கே கொண்டுபோய் அந்த மூன்று நிமிஷத்தை இன்னொரு கேசட்டில் ஏற்றி வாங்கியிருக்கலாம். எங்கள் மண்டைக்குத் தோன்றவில்லை.

பேட்டரிகளை வெயிலில் காயவைத்துச் செட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் பைத்தியக்காரி மாதிரி அலைந்தேன். ஊரே சொர்க்கம் என்று கொண்டாடுகிற கடலைப் பதிந்து போட்டுப் பார்த்தால், கடுகு தாளிக்கிற சத்தம்தான் கேட்டது. பனை ஓலை மட்டும் நன்றாக விழுந்தது. மீன்காரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். செட்டைக் கண்டதும் அவளுக்குக் குரல் வரவில்லை. பிறகு, அண்ணனே எதிரில் நிற்கிற மாதிரி செட்டைப் பார்த்து, "ஒங்கம்மா இப்படிக் கெடக்காளே தம்பி" என்று ஆரம்பித்துவிட்டாள். அதை அழித்துவிட்டு மறுபடி பதிந்தேன். அம்மாவின் குரலுக்கு முன்னால் பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது. மேளத்துக்கென்று அங்கே நிறுத்தி, செட்டை மேசையில் வைத்தேன்.

வியாழன் மத்தியானம் நான் கிணற்றடியில் இருந்தபோது மேளம் கேட்டது. காளி வேஷமும் குறவன் வேஷமுமாக ஒரு கூட்டம் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. ஈரக் கையோடு ஓடிவந்தேன். அப்பா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். "ஏட்டி, இரு, இரு" என்றார். இருக்க நேரமில்லை, தள்ளுங்கப்பா என்று கத்திவிட்டுச் செட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று நன்றாக அடித்தார்கள். மேளம் அருமையாக விழுந்தது. கேசட் தீர்ந்து பட்டன் தானாக எகிறியது. பத்து நிமிஷம் இருக்க வேண்டிய இடம் அதற்குள் எப்படித் தீர்ந்தது?

போட்டுப் பார்த்தேன். அண்ணன் குரல், நீதாம்மா சொல்லணும் என்கிறது. டக். உடனே மேளம். கடைசி வரைக்கும் மேளம்.

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ பேச்ச ஒரு தடவ கேட்டேன். இன்னொருக்க கேக்கலாம்னு அந்த எடத்துல கொண்டாந்து வச்சிருந்தேன்" என்றார்.

வாயில் வந்ததையெல்லாம் அவரிடம் கத்தினேன். பிறகு அம்மாவிடம் போனேன். மேளத்துக்கு முன்னால் அண்ணன் பேச்சு மிச்சமிருந்த இடத்துக்குக் கேசட்டை ஓட்டி, செட்டை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். எம்மா, ஒரு வார்த்தை, மக்கா என்று மட்டும் சொல்லு, உன் காலில் விழுகிறேன் என்று கெஞ்சினேன். அவளும் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷச் சத்தமாக இல்லை. அது பதிந்தும் விட்டது. போட்டுக் கேட்ட அப்பா காதைப் பொத்திக்கொண்டு, இதைக் கேட்டால் அவன் அங்கேயே செத்துப்போவான், அழித்துவிடு என்றார். கடற்கரைக்குப் போய், அதன் மேலும், மிச்சமிருந்த அண்ணன் பேச்சின் மேலும் இன்னொரு தடவை கடலைப் பதிந்தேன்.

திருச்செந்தூர் போய், திருநெல்வேலி பஸ் பிடித்து, மேலப்பாளையத்தில் அண்ணாச்சி வீட்டுக்குப் போகும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா பேசியிருக்கிறார்களா என்று கேட்டார். நிறையப் பேசியிருக்கிறாள் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் உடனே கிளம்பிவிட்டேன்.

ஐப்பசி மழையில் கேசட் திரும்பி வந்தது. உயிரோடு இருக்கிறான் என்று அப்பா கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாவைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, அவள் மடியிலேயே செட்டை வைத்தோம். அண்ணன் அழவில்லை. நிதானமாகப் பேசினான்.

"கடல் கேட்டேன். ஓல கேட்டேன். மேளம் கேட்டேன். எல்லாம் இருக்கு, ஒன்னயத்தான் காணல. அண்ணாச்சியக் கேட்டா, வீட்டுக்குப் போனப்ப ஒன்னயப் பாக்கலன்னாரு. நான் என்ன சின்னப் பிள்ளையா? இங்கன மொட்ட போட்டுக்கிட்டேன். எம்மா, நீ எப்பம்மா போன? யாரும்மா ஒனக்குக் கொள்ளி வச்சா?"

அப்புறம் வெறும் இரைச்சல்தான் ஓடியது. நான் அழித்த அந்தச் சத்தத்தை விட்டு வைத்திருந்தால், அம்மா இருக்கிறாள் என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்பா காலண்டரைச் சுவரிலிருந்து பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டைகூடப் போடாமல், எஸ்டிடி பூத்துக்கு மழையில் ஓடினார். அம்மா மடியிலிருந்த செட்டைப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கேசட் முடிந்து பட்டன் எகிறிய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.