உடைக்காத முட்டை ஓடு

எங்கள் மீன்பிடித் துறையில் வலை பின்னிய கிரிசலும் எங்கள் ஸ்காட்லாந்து ராஜாவும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அவருக்கு ஒரு வயதிலேயே கிரீடம் வைத்துவிட்டார்கள். அம்மா முகம் தெரியாமல் கோட்டைக்குள் வாத்தியார்களிடம் வளர்ந்தாராம். "பாவம்டி, என்னை மாதிரியே தாயில்லாப் புள்ள" என்று கிரிசல் கண் கலங்குவாள்.

அந்த ராஜா டென்மார்க்கிலிருந்து மனைவியை அழைத்து வரும்போது புயல் கப்பல்களைப் புரட்டி எடுத்தது. சூனியக்காரிகளின் வேலை என்று அவரே நம்பினார். ஊர் ஊராக விசாரணை வந்தது.

முட்டை தின்றதும் ஓட்டின் அடியைக் குத்தி உடைப்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் சூனியக்காரி அதில் ஏறிப் போய்க் கப்பலைக் கவிழ்ப்பாளாம். கிணற்றடியில் யார் முதலில் தண்ணீர் எடுப்பது என்று எனக்கும் கிரிசலுக்கும் தினமும் சண்டை. ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏண்டி, உன் வாசல்ல முட்டை ஓடெல்லாம் முழுசு முழுசா கெடக்கே, ஒடைக்கத் தெரியாதா?"

"அதுல ஏறித்தாண்டி டென்மார்க் போயிட்டு வந்தேன். உனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன், வர்றியா?"

எல்லோரும் சிரித்தோம். பாதிரியார் வீட்டு வேலைக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் கிரிசலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். "அப்படிச் சொன்னாளா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"ஆமாங்கய்யா, சொன்னா."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று சேர்க்க நாக்கு எழவில்லை. சேர்த்தால், ஓடு யாருடையது என்று கேட்பாரே.

அவளை எரித்தார்கள்.

கிரிசல் கோழியே வளர்த்ததில்லை. கிணற்றடியில் அப்படிக் கேட்டதற்கு முந்தின நாள், சண்டைக் கோபத்தில் என் வீட்டுக் குப்பையை அவள் வாசலில் கொட்டியது நான். ஓட்டை உடைக்க மறந்ததும் நான்தான்.