மணல் திட்டுக்கு இப்பால் வராத விலாங்குகள்

நைலோன் கயிற்றைப் பிரித்துக் குஞ்சம்போல் கட்டி, மிஸ் அதை ஆற்றில் தொங்கவிடுவார். கடலில் பிறந்து ஆற்றுக்கு ஏறிவரும் விலாங்குக் குஞ்சுகள் அதைப் பாசியென்று நம்பி உள்ளே ஒளிந்துகொள்ளும். விடியுமுன் சுபஹு தொழுதுவிட்டு அக்கரைப்பற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, குஞ்சத்தைத் தூக்கி பேசின் பாத்திரத்துக்குள் உதறுவார். கண்ணாடிபோல் உடம்பு, இரண்டு கரும்புள்ளிக் கண்கள்; அவ்வளவுதான் ஒரு குஞ்சு. கண்டவுடன் “மாஷா அல்லாஹ், வந்திட்டிங்களா?” என்று விருந்தாளியை வரவேற்பதுபோல் கேட்பார். ஆற்றுக்கு எவ்வளவு குஞ்சு ஏறுகிறது என்று பார்த்து மேலிடத்துக்கு அறிவிப்பதுதான் அவருடைய உத்தியோகம். கல்முனைக்காரியான நான் அவருக்கு உதவியாளர்; மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். வேறு வேலை கிடைக்கவில்லையா என்று வீட்டில் கேட்காத நாளில்லை. இன்று மிஸ் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். எங்கள் ஆற்றைப் பார்க்க ஒருவரும் இல்லை.

நாங்கள் சேர்ந்து வேலை செய்த கடைசி வருடம் பேசினில் சேறுதான் விழுந்தது. மழை பிந்தியதால் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் வயலுக்குள் வெள்ளம் ஏறினால்தான் கமக்காரர்கள் கூடி அதை வெட்டித் திறப்பார்கள். வயல் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானையாரிடம் போய், மணலில் சின்னதாக ஒரு வாய்க்காலாவது வெட்டித்தரும்படி மிஸ் கெஞ்சினார்.

“கடல்தண்ணி ஏறினா வேளாமப் பயிரு கருகிரும் மகள். வெள்ளம் வரட்டும், நாங்களே வெட்டுவம்.”

அவர் சொன்னதும் நியாயம். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் காலை மணல் திட்டின் கடற்பக்கம் போனோம். அலை வடியும் இடமெல்லாம் குஞ்சுகள். ஆற்றுத்தண்ணீரின் வாடை பிடித்து அவ்வளவு தூரம் வந்தவை, வழியில்லாமல் மணலில் நெளிந்தன. காகங்கள் கொத்தின. நான் வாளியை எடுத்தேன். மிஸ் என் கையைப் பிடித்தார்.

“வேணாம் தங்கச்சி. நாம ஆத்துல தூக்கி உட்டா நாளைக்கி அதுகள்தான் குஞ்சத்துல இரிக்கும். குஞ்சு வருதுதானே, ஏன் வெட்டணும் எண்டு மேலிடம் கேக்கும். ஒண்டும் வரல்ல எண்டாத்தான் வெட்டச் சொல்லுவாங்க.”

பார்க்கச் சகிக்காமல் இருவரும் திரும்பி நடந்தோம்.

ஒன்றும் வரவில்லை என்றே மிஸ் அறிவித்தார். சில கிழமைகளில் பதில் வந்தது: விலாங்கு வராத ஆற்றில் கண்காணிப்பு அவசியமில்லை, வேலையை நிறுத்தவும். ஆத்திரத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மிஸ் சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மணல் திட்டைத் தாண்டி ஓடினார். அபாயா முழங்கால்வரை நனைய, அலைக்குள் குனிந்து குனிந்து தேடினார். பருவம் முடிந்துவிட்டது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் போய்த் தோளைப் பிடித்தபோதும் நிமிரவில்லை.

“தூக்கி உட்டிரிக்கலாமே தங்கச்சி,” என்றார். “ஒண்டையாவது உட்டிரிக்கலாமே.”