பலாலிக்கு ஒரு சீட்

போன மாதம் மகள் யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனாள். "டிக்கெட் எங்கம்மா?" என்று கேட்டேன். "போன்ல இருக்குப்பா" என்றாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் காலத்து டிக்கெட்டுக்கு வாசம் இருந்தது. அடியில் சிவப்புக் கார்பன் பூசியிருக்கும். இரண்டு எழுதினால் விரல் சிவக்கும், மூன்று எழுதினால் மூக்கு.

அப்போது கண்டி டவுனில் ஒரு பயண முகவர் கந்தோரில் நான் கிளாக்கர். கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறக்கும் சின்ன விமானத்துக்கு சீட் எழுதுவது என் வேலை. விமானத்தை நான் கண்டதெல்லாம் நான் குடியிருந்த மஹய்யாவையில் அண்ணாந்து நின்றுதான். ஆனாலும் டை கட்டிக்கொண்டு புறப்பட்டால், "பைலட்டு வர்றாரு, வழி விடுங்கடா!" என்பார்கள் அக்கம்பக்கத்தார். நானும் மறுத்ததில்லை.

எங்கள் நிரந்தர வாடிக்கையாளர் மகாலிங்கம் மாஸ்டர். பிலிமத்தலாவையில் படிப்பித்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீடு பலாலி ஓடுபாதைக்குப் பக்கத்தில். விமானம் இறங்கும்போது கூரை ஓடு அதிருமாம். அதை வைத்துத்தான் அவருடைய தகப்பனார் நேரம் சொல்வாராம். சண்டை தொடங்கியதும் விமானங்கள் குறைந்தன. வந்தவற்றிலும் சீருடைக்காரர்களே அதிகம். "ஐயாவின்ர மணிக்கூடு இப்ப கிழமைக்கு ரெண்டு தரந்தான் அடிக்குது தம்பி" என்றார் மாஸ்டர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒரு திங்கட்கிழமை வந்தார். சிரிப்பில்லை. "ஐயாவுக்கு வருத்தம் கடுமை. வெள்ளிக்கிழமை ஒரு சீற் போடும். நான்தான் ஒரே பிள்ளை." எழுதிக்கொண்டேன். எழுந்து, "அப்ப நான் வாறன்" என்று சொல்லி வெளியே போனார்.

அவர் போன பிறகுதான் அடையாள அட்டை இலக்கம் கேட்காதது நினைவுக்கு வந்தது. அது இல்லாமல் கொழும்பில் சீட் தர மாட்டார்கள். அதனாலென்ன, வாறன் என்றாரே! தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார், வந்ததும் கேட்டுக்கொண்டு கொழும்புக்கு டெலிபோன் கோல் எடுக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். கந்தோர் பூட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாளும்.

வியாழக்கிழமை பையும் கையுமாக வந்து நின்றார். "எங்க தம்பி டிக்கெட்?"

"நீங்க வாறேன்னு சொன்னீங்களே சேர், வரவே இல்லையே?"

பையை மேசையில் போட்டார். "அட மடையா, வாறன் எண்டா போறன் எண்டல்லோ அர்த்தம்! வீட்டை விட்டு வெளிக்கிடேக்க ஆராவது போறன் எண்டு சொல்லுவினமே?" எங்கள் பக்கம் 'போயிட்டு வர்றேன்' என்போம்; அந்தப் 'போயிட்டு' இல்லாததில் நான் ஏமாந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை விமானம் நிறைந்திருந்தது. கெஞ்சி, செவ்வாய்க்கிழமைக்கு எழுதிக் கொடுத்தேன். திங்கள் பின்னேரம் கொழும்பிலிருந்து கோல் வந்தது: பொதுமக்களுக்கு இனி விமானம் இல்லை, மறு அறிவித்தல் வரை. அந்த மறு அறிவித்தல் வரப் பல வருடமானது. மாஸ்டர் அன்றிரவே பஸ் ஏறினார். சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாக இறங்கி ஏறி, போய்ச் சேர மூன்று நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது; தகப்பனாருக்குக் கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டுக்காரர்.

பிறகு பலாலியில் குண்டுகள் விழுந்தன. ஓடுபாதையைச் சுற்றி இராணுவத்தின் முள்வேலி அகன்றுகொண்டே போனது. ஊர்கள் உள்ளே போயின, சனங்கள் வெளியே வந்தார்கள். பயணி இல்லாத எங்கள் கந்தோரையும் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. இந்தப் 'பைலட்' பிறகு அரிசிக் கடையில் மூட்டை எண்ணினார்.

சண்டை முடிந்து, வேலிக்குள் போன காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விட்ட பிறகு, பேராதனை பஸ் தரிப்பில் மாஸ்டரைக் கண்டேன். நன்றாகத் தளர்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்ததோ, "ஊருக்குப் போனீங்களா சேர்?"

"போனனான். வீடு எது, ஒழுங்கை எது, ஒண்டும் தெரியேல்லை. எல்லாம் இடிச்சு வெறுந்தரவையாக்கிப் போட்டாங்கள். கிணத்தைக் கண்டா இடம் பிடிக்கலாம் எண்டு தேடினன், அதையும் தூர்த்திட்டாங்கள். ஐயாவை எரிச்ச சுடலை இன்னும் வேலிக்கு உள்ளுக்கை, விட மாட்டாங்களாம்."

"பிறகு என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யிறது? ஐயா எந்தப் பக்கம் எண்டு தெரியாம, நாலு பக்கமும் கும்பிட்டுட்டு வந்தனான்."